உச்சஸ்தாயி மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், மேலைநாட்டு இசை நாடகங்களில் ஆண் நடிகர்கள் பாடிப் பெரும் கைதட்டல் பெற்ற, 'ஷோ ஸ்டாப்பர்' எனப்படும் பாடல்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நியூயார்க்கின் பிராட்வே, லண்டனின் வெஸ்ட் எண்ட் மேடைகளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இவ்வளவு இடம் ஒதுக்குவது அபூர்வம். அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையாளர் அந்தப் பாடல்களை வரிசைப்படுத்திய முறையை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தப் பாடலில் எவ்வளவு உயரமான சுரம் வருகிறது, அதை நடிகர் எத்தனை நொடி பிடித்து நிற்கிறார் என்பதே அவர் கையில் இருந்த தராசு. அதில் நிறுத்துப் பார்த்தால் இக்கலையின் மிகச் சிறந்த பாடல்களில் சில எடைக்கே வராமல் போய்விடும்.

'ஷோ ஸ்டாப்பர்' என்பது வெறும் புகழ்ச்சொல் அன்று. பாடல் முடிந்ததும் எழும் கரவொலியில் அடுத்த வசனத்தைத் தொடங்க வழியில்லாமல் நடிகர் நின்ற நிலையிலேயே நிற்க, இசைக்குழுவை நடத்துபவரும் கோலைத் தாழ்த்திக் காத்திருக்க, நாடகம் உண்மையாகவே நின்றுபோவதைக் குறிக்கும் தொழில்சொல் அது. நல்ல குரலுக்குக் கச்சேரியிலும் கைதட்டு கிடைக்கும். நாடகம் நிற்க வேண்டுமானால், பாடத் தொடங்கியபோது ஒரு நிலையில் இருந்தது பாடி முடிக்கும்போது வேறொரு நிலைக்குப் போயிருக்க வேண்டும், அந்த மாற்றம் நம் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கட்டுரையில் இரண்டே வரியில் கடந்துபோன 'சொலிலக்வி' (தனிமொழி) பாடலை எடுத்துக்கொள்கிறேன். 1945-இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்து ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய 'கரோசல்' நாடகத்தில், ராட்டினத் திடலில் கூவிக் கூவி ஆள் சேர்த்துவந்த பில்லி பிகலோ என்பவன் வேலையை இழந்தவன்; மனைவியைக் கைநீட்டி அடித்தவனும்கூட. அவள் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்தவுடன் அவன் மேடையில் தன்னந்தனியாக ஏழு நிமிடத்துக்கும் மேல் பாடுகிறான். பிறக்கப்போவது மகன்தான் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டு, தன் பெயரையே அவனுக்கும் சூட்டி, மரம்போல் வளர்வான், எவனும் அவனை மிரட்ட முடியாது என்றெல்லாம் மார்தட்டுகிறான். பாட்டின் நடுவழியில், பெண்ணாகப் பிறந்துவிட்டால் என்ற எண்ணம் திடீரென்று குறுக்கிடுகிறது. அங்கே இசை தடுமாறி நின்று, பிறகு முற்றிலும் வேறொரு மென்மையோடு தொடங்குகிறது. மகனோடு விளையாடிக் கழித்துவிடலாம், மகளுக்கோ தகப்பனாகவே இருந்தாக வேண்டும் என்பது அவனுக்கு உறைக்கிறது. கையில் காசில்லை என்பது அடுத்த நொடியே உறைக்கிறது. சம்பாதிப்பேன், இல்லாவிட்டால் திருடுவேன், அதுவும் முடியாவிட்டால் சாவேன் என்று அவன் குரல் உயர்ந்து போய் நிற்கும் இடத்தைத்தான் கட்டுரையாளர் 'அற்புதமான உச்சம்' என்று பாராட்டியிருக்கிறார். அற்புதந்தான். ஆனால் அந்த உச்சத்தில் நின்றுதான் அவன் ஒரு வழிப்பறிக்கு உடன்படப்போகிறான் என்பதையும், அதுவே அவன் உயிரைக் குடிக்கிறது என்பதையும் சொல்லாமல் அந்தச் சுரத்தை மட்டும் மெச்சுவது, கதவைத் திறந்து உள்ளே போகாமல் கைப்பிடியின் மெருகை வியப்பது போன்றது.

இந்தப் பார்வைக்குக் கட்டுரையாளர் ஒருவரையே குறைசொல்ல முடியாது. நடிகர் தேர்வுகளில் முழுப் பாடலைக் கேட்க நேரமிருக்காது. பதினாறு 'பார்' என்று சொல்லப்படும் அரை நிமிடத் துண்டைத்தான் பாடச் சொல்வார்கள். வாய்ப்புத் தேடி வருபவர் இயல்பாகவே பாடலின் கடைசி முழக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறார். இணையத்தில் சுற்றும் காணொளித் துணுக்குகளும் அதே இடத்தைத்தான் வெட்டுகின்றன. இப்படி வெட்டப்பட்ட பில்லிக்கு மகனும் இல்லை, மகளும் இல்லை. தொண்டை மட்டுமே மிஞ்சுகிறது.

உயரமான சுரமே இல்லாமல் அரங்கைக் கட்டிப்போட்ட பாடலுக்கும் சான்று உண்டு. 1957-இல் மெரிடித் வில்சனின் 'தி மியூசிக் மேன்' நாடகத்தில் ராபர்ட் பிரெஸ்டன் நிகழ்த்திய 'யா காட் டிரபிள்' பாதி பேச்சு, பாதி பாட்டு. வில்சன் அதை முதலில் நீண்ட வசனமாகத்தான் எழுதியிருந்தார். அதை நீக்கிவிட நினைத்தபோது அதற்குள்ளேயே ஒரு தாளக்கட்டு ஓடுவதைக் கண்டு பாடலாக்கினார். பிரெஸ்டனோ பாடகர் என்று பெயர் எடுத்தவர் அல்லர், திரைப்பட நடிகர். ஊருக்குள் புதிதாக வந்திறங்கிய ஒரு 'பூல்' (pool) பந்தாட்ட மேசையைக் காட்டி, பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகப் போகிறார்கள் என்று ஓர் ஊரையே நம்பவைக்கும் எத்தனின் சொற்பெருக்கு அது. இங்கே மாறுவது பாடுகிறவன் அல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் ஊர். அடுத்த ஆண்டு, சிறந்த இசை நாடக நடிகருக்கான டோனி விருது (அமெரிக்க நாடக மேடையின் உயரிய விருது) பிரெஸ்டனுக்குத்தான் கிடைத்தது.

'பீயிங் அலைவ்' கட்டுரையில் இடம்பெறாதது எனக்குப் பெரிய வருத்தம். 1970-இல் மேடையேறிய ஸ்டீஃபன் சாண்ட்ஹைமின் 'கம்பெனி' நாடகத்தில், முப்பத்தைந்து வயதை எட்டும் மணமாகாத ராபர்ட் தன் மணமான நண்பர்களைச் சுற்றிச் சுற்றி வந்தபின் இறுதியில் பாடுவது இது. பாதிவரை அது குற்றப்பட்டியல்: ஒருவர் உன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், உன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், உன் தூக்கத்தைக் கெடுப்பார். பிறகு ஏறத்தாழ அதே சொற்கள் திரும்ப வருகின்றன. 'உன்னை' என்பது 'என்னை' என்று ஆகிவிடுகிறது, புகார் பிரார்த்தனையாகிவிடுகிறது. ஒரு பிரதிப்பெயர் செய்யும் வேலையை எந்த உச்சஸ்தாயியும் செய்துவிட முடியாது. 2006-ஆம் ஆண்டின் மறு தயாரிப்பில் ரவுல் எஸ்பார்சா தாமே பியானோவின் முன் அமர்ந்து வாசித்தபடி இதைப் பாடினார். பிற்காலத்தில் லண்டனிலும் நியூயார்க்கிலும் நாயகனைப் பெண்ணாக்கி மேடையேற்றியபோதும் பாடல் தளரவில்லை என்பதைப் பார்க்கும்போது, 'ஆண்களுக்கான பாடல்' என்ற வகைப்பாடே எவ்வளவு தூரம் செல்லும் என்ற ஐயம் எனக்கு எழாமல் இல்லை.

உயரத்தையே பார்த்தாலும், அங்கே முழக்கம் மட்டுமா இருக்கிறது? 1985-இல் லண்டனில் 'லே மிசராப்' மேடையேறியபோது காம் வில்கின்சன் பாடிய 'பிரிங் ஹிம் ஹோம்' உயரத்தில்தான் சஞ்சரிக்கிறது. ஆனால், யாருடைய உயிருக்காகக் கடவுளிடம் வேண்டுகிறாரோ அந்த உறங்கும் இளைஞன் விழித்துவிடக் கூடாதே என்று அஞ்சுவதுபோல் அத்தனை மெல்லிய குரலில். 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' நாடகத்தில், தம் சாவை எதிர்நோக்கி இயேசு பாடும் 'கெத்செமனே' பாடலிலோ உண்மையிலேயே ஓர் அலறல் இருக்கிறது, கட்டுரையாளர் முதலிடம் தந்ததும் அதற்குத்தான். அந்த அலறல், நான் ஏன் சாக வேண்டும் என்ற கேள்வியின் உச்சியில் வருவது. பாடல் அதோடு முடிந்துவிடவில்லை. களைத்துப்போன ஒருவர், என் மனம் மாறுவதற்குள் என்னை எடுத்துக்கொள் என்று இணங்கும் இடத்தில்தான் முடிகிறது.

என் கருத்துக்கு எதிராக ஒரு பாடலை நானே எடுத்துவைக்க வேண்டும். 1927-இல் 'ஷோ போட்' நாடகத்துக்காக ஜெரோம் கெர்ன் இசையமைத்த 'ஓல் மேன் ரிவர்' பாடலில் எவனும் எந்த முடிவும் எடுப்பதில்லை. மிசிசிப்பிக் கரையில் மூட்டை சுமக்கும் கருப்பினத் தொழிலாளி ஜோவின் துயரத்தைப் பொருட்படுத்தாமல் ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது. எதுவும் மாறாது என்பதே பாடலின் பொருள். அடிக்குரலில் தொடங்கி ஒன்றரை ஸ்தாயிக்கு மேல் ஏறும் அதை முதலில் பாடியவர் ஜூல்ஸ் பிளெட்சோ, அடுத்த ஆண்டு லண்டனில் பாடிப் புகழ்பெற்றவர் பால் ராப்சன். ராப்சன் பின்னாளில் தம் கச்சேரிகளில், வாழ அலுத்தும் சாக அஞ்சியும் நிற்கும் வரியைச் சாகும்வரை போராடுவேன் என்று பொருள்படும்படி மாற்றிப் பாடினார். நாடகத்துக்குள் நிகழாத மாற்றம் பாடியவரின் வாழ்க்கையில் நிகழ்ந்தது என்று சொல்லி என் வாதத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்; அது கொஞ்சம் சாமர்த்தியந்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இறுதியாக ஒரு திருத்தம். 'சொலிலக்வி' பாடலை முதன்முதலில் பாடியவர் கார்டன் மெக்ரே என்று கட்டுரையில் அச்சாகியுள்ளது. அவர் பாடியது 1956-இல் வெளிவந்த திரைப்படத்தில். அந்த வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமாகியிருந்த ஃபிராங்க் சினாட்ரா விலகிக்கொண்டதால் அது மெக்ரேக்கு வந்தது. மேடையில் முதலில் பாடியவர் ஜான் ரெய்ட். அடுத்த பகுதியில் இதைத் திருத்தி வெளியிடுவதோடு, ஒவ்வொரு பாடலும் நாடகத்தின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதையும் ஓரிரு வரிகளில் சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்