கண்வலிக்கிழங்கு வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழுக் கூட்டங்கள் உரிய காலத்தில் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். இவ்வாண்டில் நம் பேச்சும் உழைப்பும் பெரும்பாலும் விதைக்கிழங்குத் தட்டுப்பாட்டைச் சுற்றியே இருந்ததால், இந்த அறிக்கையும் அதையே விரிவாகச் சொல்கிறது.

செங்காந்தள் என்றும் அழைக்கப்படும் கண்வலிக்கிழங்கின் விதையில் உள்ள கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள், கீல்வாத மருந்துக்குத் தேவைப்படுவதால் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம், ஜெயங்கொண்டம் பகுதிகளில் இது பணப்பயிராக நிலைத்துவிட்டது. ஆனால் விதையிலிருந்து வளரும் செடி பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகின்றன. கிழங்கோ கலப்பை வடிவில் இரு கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் பெரும்பாலும் ஒரே முளைக்கண்ணைத் தாங்குகிறது. தோண்டும்போது அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைப்பதில்லை. ஓர் ஆண்டில் ஒரு கிழங்கு இரண்டாகப் பெருகுவதே பெரிது என்பதால், புதிதாக நடுவோருக்காகக் காட்டுக் கிழங்கைத் தோண்டும் வழக்கம் தொடர்கிறது. மாநில மலரான செங்காந்தளைக் காட்டிலிருந்து அகற்றி நம் பந்தல்களை நிரப்புவதை இச்சங்கம் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மாற்றாகத் திசு வளர்ப்பை, அதாவது செடியின் சிறு பகுதியைக் குடுவைக்குள் வளர்த்துப் பல கன்றுகளாகப் பெருக்கும் முறையை, குழு ஆராய்ந்தது. மண்ணுக்கடியில் இருந்த கிழங்கில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஆழமாகத் தங்கியிருப்பதால், கிழங்குத் துண்டைவிட, புதிதாக முளைத்த தண்டின் நுனியை எடுத்துக் கிருமி நீக்குவதே நல்லது. முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962-இல் வெளியிட்ட சத்துக்கலவையான ஊடகத்தில், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும், அதைக் கூழாக உறையவைக்கும் அகாரும் சேர்த்து, 121 பாகை செல்சியஸில் நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கி, பென்சைல் அடினின் போன்ற சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கியால் பல குருத்துகளைத் தூண்டி, பின்னர் ஆக்சின் என்னும் மற்றொரு ஊக்கியால் வேரும் சிறுகிழங்கும் பிடிக்கச் செய்கிறார்கள். இடையில் கேலஸ் என்னும் உருவமற்ற திசுத்திரள் உருவாக விட்டால் தாய்ச் செடியின் குணம் மாறிப்போக வாய்ப்புண்டு. எனவே குருத்திலிருந்து நேரடியாகப் பெருக்கிய கன்றுகளையே நாம் கேட்டு வாங்க வேண்டும்.

சங்கமே ஆய்வுக்கூடம் அமைக்கலாம் என்று சில உறுப்பினர்கள் முன்மொழிந்தார்கள். அவர்களுடைய ஆர்வத்தை மதிக்கிறேன். எனினும் நம் பணம் செல்ல வேண்டிய இடம் நிழல்வலைக்கூடமே. குடுவைக்குள் ஈரக்காற்றில் வளர்ந்த கன்றின் இலையில் மெழுகுப் பூச்சு சரியாக அமைவதில்லை, இலைத்துளைகளும் நன்றாக மூடுவதில்லை. திடீரென வெயிலுக்கு வந்தால் வாடிச் சாகும். அகாரை முழுமையாகக் கழுவி, தென்னைநார்க் கழிவில் நட்டு, ஈரப்பதத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துப் பழக்கினால்தான் அது நிலைக்கும். அதன் பின்னும் கிழங்கு நடவுக்கேற்ற பருமனை அடைய ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்கள் காத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமையான வேலையை ஆய்வுக்கூடத்தைவிட நம் உறுப்பினர்களே சிறப்பாகச் செய்வார்கள்.

ஆகவே, கன்றுகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் பெருக்கித் தரச் சொல்லி, அவற்றைப் பழக்குவதற்கான நிழல்வலைக்கூடத்தைச் சங்க நிதியில் அமைக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். அவ்வாறு பெருக்குவதற்காக, காய்ப்பு மிகுந்தவை என்று அடையாளமிட்ட செடிகளின் கிழங்குகளை உறுப்பினர்கள் நுனி ஒடியாமல் தனியே எடுத்துவைத்து, ஆடி நடவுக்கு முன், வைகாசிக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். செடி முழுவதும் நஞ்சு என்பதால், கையுறை அணிந்தே கையாளவும்.

இப்படிக்கு,
செயலாளர்