நாற்காலியில் உட்கார்ந்து பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. பேரனுக்கென்று தனி அறை ஒதுக்கி, நீயும் மாப்பிள்ளையும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள். உன் அம்மா அக்கம்பக்கத்தில் ஒருவர் விடாமல் காட்டியாகிவிட்டது. எனக்கு ஒரே ஒரு குறை. முதல் படம் வாசலில் நின்று எடுத்தது. அவன் வாசலில் நின்றா படிக்கப்போகிறான்? அவனுடைய இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவன் கண்மட்டத்திலிருந்து பார். அங்கிருந்து தெரிவதுதான் அறை.

மேசை விளக்கை இடப்பக்கம் வைத்திருக்கிறாய். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வலது கையால் எழுதுகிறவர்களுக்கு அது சரி. நம் பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். அந்த வெளிச்சத்தில் பென்சில் பிடித்தால், அவன் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தின் மேலேயே கையின் நிழல் விழும். நிழலுக்குத் தப்பத் தலையைச் சாய்ப்பான், பிறகு தோளையும் சாய்ப்பான். கூன் போடாதே என்று நீ அதட்டுவாய். விளக்கை வலப்பக்கம் மாற்றிவிடு. படிக்கவும் எழுதவும் மேசைமேல் சுமார் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு, கைப்பேசியிலேயே ஏறக்குறைய அளந்துவிடலாம். மேசை விளக்கு எரிகிறதே என்று அறை விளக்கை அணைக்காதே. சுற்றிலும் இருட்டாக இருந்து தாள் மட்டும் பளீரென்று இருந்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும். ஜன்னல் அவனுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் அவன் நிழலே அவனுக்கு எதிரி.

அடுத்த படத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான், கால் இரண்டும் தொங்குகின்றன. இருக்கையின் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தினால் கால் மரத்துப்போகும், பிள்ளை நெளிவான், அதற்குக் கவனமின்மை என்று நாம் பெயர் வைப்போம். வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்கொரு நாற்காலி வாங்கிக்கொண்டிருக்க முடியாது. முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி இருக்கையை உயர்த்து. பாதம் முழுதும் பதிய ஒரு கால்பலகை போதும்.

சத்தத்துக்குப் பயந்து மின்விசிறியை நிறுத்த வேண்டாம். ஒரே சீரான இரைச்சலைக் காது மறந்துவிடும். பொருள் விளங்குகிற பேச்சைத்தான் அதனால் விட முடியாது. மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குப் பக்கத்து அறைத் தொலைக்காட்சி விவாதத்தைவிடப் பெரிய இடைஞ்சல் வேறு இல்லை. மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல். நான் சொன்னதாக வேண்டாம்.

சுவரில் வரைபடம், கோள்கள், வாய்ப்பாடு, விலங்குகள் என்று இடமே இல்லை. சிறு பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. சுவர் நிறையப் படங்கள் ஒட்டிய வகுப்பறையில் பிள்ளைகளின் பார்வை அடிக்கடி அலைந்தது. வெறும் சுவர் இருந்தபோது கூடுதலாகக் கற்றார்கள். அதற்காக எல்லாவற்றையும் கிழித்துப் போடாதே. மேசைக்கு எதிரே உள்ள சுவரை மட்டும் காலியாக விட்டு, மற்றவற்றை அவன் முதுகுப்பக்கம் மாற்று.

ஏசி ஓடுகிறது என்று நாள் முழுதும் கதவடைக்க வேண்டாம். வீட்டில் மாட்டும் சாதாரண ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. இடையிடையே ஜன்னலைத் திற.

இவ்வளவு செய்தும் ஒருநாள் அவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வருவான். துரத்தாதே. 1978-ல் ஒரு சோதனை செய்தார்கள்: ஒரே சொற்பட்டியலை ஒரே அறையில் இருமுறை படித்தவர்களைவிட, இரண்டு வெவ்வேறு அறைகளில் படித்தவர்களுக்குக் கூடுதல் சொற்கள் நினைவிருந்தன. செலவழித்து அறை செய்தோமே என்ற வருத்தம் நமக்கு இருக்கலாம். அதை அவன்மேல் ஏற்றக் கூடாது.

கால்பலகையை நானே செய்து கொண்டுவருகிறேன். இருக்கையை உயர்த்திய பிறகு அவனை நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்காரச் சொல்லி, உள்ளங்காலுக்கும் தரைக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. செருப்பில்லாமல் அள.

அன்புடன்,
அப்பா