தீர்ப்பு மெஸ்ஸிக்குத்தான், காரணம் வேறு

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். உலகின் தலைசிறந்த கால்பந்து வீரர்கள் பத்துப் பேரை நீயும் மாப்பிள்ளையும் தனித்தனியாக வரிசைப்படுத்தி அனுப்பியதைப் படித்தேன். உன் பட்டியலில் மெஸ்ஸியும் அவருடைய பட்டியலில் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் முதலிடத்தில் இருக்க, தீர்ப்பை என்னிடம் விட்டிருக்கிறீர்கள். என் ஓட்டும் மெஸ்ஸிக்குத்தான். ஆனால் அதற்கு நீ சொல்லியிருக்கும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

2022 டிசம்பர் 18 அன்று லுசைல் மைதானத்தில் உலகக் கோப்பையை வென்றதால்தான் அவர் பெலேயையும் மரடோனாவையும் தாண்டினார் என்று எழுதியிருக்கிறாய். அந்த இறுதியாட்டத்தின் கூடுதல் நேரமும் முடிந்து நடுவர் விசில் ஊத இருந்த வேளையில், 3-3 என்ற சமநிலையில், பிரான்சின் கோலோ முவானி கோல்கீப்பருக்கு எதிரே தனியாக நின்று அடித்த பந்தை அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்ட்டினஸ் இடது காலை நீட்டித் தடுத்தது உனக்கு நினைவிருக்கும். அந்தக் கால் ஒரு சாண் விலகியிருந்தால் கோப்பை பிரான்சுக்குப் போயிருக்கும். மெஸ்ஸி அன்று அடித்த இரண்டு கோல்களில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது. அடுத்தவர் காலை நம்பி ஒருவரை முதலிடத்தில் உட்கார வைப்பது என்ன நியாயம் அம்மா?

கோப்பையே அளவுகோல் என்றால் இன்னும் பல குழப்பங்கள் வரும். 1962-இல் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயமுற்று விலகினார். கோப்பையைப் பிரேசிலுக்குப் பெற்றுத் தந்தவர் வளைந்த கால்களுடைய கரிஞ்சா. ஆனாலும் பெலேயின் கணக்கில் மூன்று கோப்பைகள் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். நீங்கள் இருவருமே விட்டுவிட்ட ஆல்ஃபிரடோ டி ஸ்டெஃபானோ உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. அவர் பிறந்த நாடான அர்ஜென்டினா 1950, 1954 போட்டிகளில் கலந்துகொள்ளவில்லை. பின்னர் ஸ்பெயினுக்காக 1962-இல் அணியில் இடம்பெற்றும் காயத்தால் களமிறங்க முடியவில்லை. அதே மனிதர் 1956 முதல் 1960 வரை ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப் தொடர்ந்து ஐந்து முறை, கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது ஐந்து இறுதியாட்டங்களிலும் கோல் அடித்தார். பெயருக்குத்தான் முன்கள வீரர். தன் அணியின் பெனால்டி எல்லைவரை பின்வாங்கி வந்து பந்தை வாங்கி, நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்தி, பிறகு எதிரணியின் கோலுக்கும் முன்னால் போய் நிற்பவர் அவர். அவர் இல்லாத பட்டியலை நான் பட்டியலாகவே மதிப்பதில்லை.

மாப்பிள்ளை கோல் கணக்கை முன்வைக்கிறார். அந்த ஐரோப்பியக் கோப்பையின் இன்றைய வடிவமான சாம்பியன்ஸ் லீகில் 140 கோல்கள், ஐந்து பட்டங்கள். கோல் அடிக்கும் கலையில் ரொனால்டோவுக்கு நிகரானவர் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெவ்வேறு காலத்துக் கோல்களை ஒரே தராசில் நிறுக்க முடியாது. 1966-இல் பல்கேரியாவும் போர்ச்சுகலும் பெலேயை உதைத்தே முடக்கின. மஞ்சள், சிவப்பு அட்டைகளும் மாற்று ஆட்டக்காரர்களும் உலகக் கோப்பைக்கு வந்தது 1970-இல்தான் என்பதால், போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டம் முடியும்வரை அவர் நொண்டிக்கொண்டே களத்தில் நிற்க வேண்டியிருந்தது.

அதோடு, கோல் கணக்கில் சேராத ஆட்டத்தை எங்கே எழுதுவீர்கள்? 1970 அரையிறுதியில் உருகுவேக்கு எதிராகச் சக வீரர் டோஸ்டாவோ அனுப்பிய பாஸை நோக்கிப் பெலே ஓடுகிறார். கோல்கீப்பர் மசுர்கியேவிச் முன்னேறி வருகிறார். பெலே பந்தைத் தொடவே இல்லை. அதைக் கோல்கீப்பரின் ஒரு பக்கமாக ஓடவிட்டு, தான் மறுபக்கமாகச் சுற்றிப்போய்ப் பிடித்து அடிக்கிறார். பந்து கம்பத்தை ஒட்டி வெளியே போய்விடுகிறது. அது கோலாகவில்லை, ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மரடோனாவைப் பற்றி எனக்குச் சற்றுப் பாரபட்சம் உண்டு. 1986 ஜூன் 22 இரவு 11.30 மணிக்கு, பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் அர்ஜென்டினா - இங்கிலாந்து ஆட்டத்தைத் தெருவே கூடிப் பார்த்தது. கையால் தட்டிய கோலை அடித்த நான்கு நிமிடங்களில், தன் பாதியிலிருந்து கிளம்பி, வழியில் வந்தவர்களையெல்லாம் இடது காலாலேயே ஏமாற்றி அவர் அடித்த இரண்டாவது கோலைப் பார்த்தவர்கள் யாரும் நடுநிலை பேச முடியாது. 2000-ஆம் ஆண்டில் நூற்றாண்டின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கப் புறப்பட்ட உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவே, இணைய வாக்கில் மரடோனா வென்றதும் திகைத்து, ஒரு குழுவை அமைத்துப் பெலேக்கும் விருது கொடுத்துச் சமாளித்தது.

ஆண்டின் சிறந்த வீரருக்குத் தரும் பாலன் டி'ஓர் விருதின் எண்ணிக்கையையும் நீ காட்டியிருக்கிறாய். 1995-க்கு முன் ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவருக்கு அந்த விருதே கிடையாது. பெலேயும் மரடோனாவும் அதை வெல்லாததற்குக் காரணம் அதுதான்.

எனக்கு மெஸ்ஸி ஏன் முதல்வர் என்றால், அதே 2022-இல் குரோவேஷியாவுக்கு எதிரான அரையிறுதியின் மூன்றாவது கோலைப் பார். முப்பத்தைந்து வயதுக்காரர், அந்தத் தொடரின் மிகச் சிறந்த பின்கள வீரர்களில் ஒருவரான இருபது வயது க்வார்டியோலை வலது ஓரத்தில் நின்று, திரும்பி, மறுபடி நின்று இழுத்துக்கொண்டே எல்லைக் கோடுவரை போய், பந்தைப் பின்னோக்கித் தள்ளிவிடுகிறார். கோல் சக வீரர் அல்வாரஸின் பெயரில் எழுதப்பட்டது. பாஸ் கொடுப்பவராகவும் கோல் அடிப்பவராகவும் ஒரே நேரத்தில் உச்சத்தில், அதுவும் இத்தனை ஆண்டுகள், வேறு எவரும் இருந்ததில்லை. கோலோ முவானியின் பந்து உள்ளே போயிருந்தாலும் நான் இதையே எழுதியிருப்பேன்.

ஆகவே என் வரிசை: மெஸ்ஸி, பெலே, மரடோனா, டி ஸ்டெஃபானோ, க்ரைஃப், பெக்கன்பவர், கிறிஸ்டியானோ ரொனால்டோ, புஷ்காஷ், கரிஞ்சா, யாஷின். உங்கள் இரண்டு பட்டியல்களிலும் ஒரு கோல்கீப்பரோ பின்கள வீரரோ இல்லை. பந்தை வலைக்குள் அடிப்பவர்கள் மட்டுமே ஆடுவது போல எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் இடத்துக்கு இத்தாலியின் பின்கள வீரர் மால்டினியா, சோவியத் கோல்கீப்பர் யாஷினா என்று வெகுநேரம் யோசித்து, பாலன் டி'ஓர் வென்ற ஒரே கோல்கீப்பர் என்பதால் யாஷினை வைத்தேன். விருதைக் காட்டி நீ வாதாடுவதைக் கண்டித்துவிட்டு நானே அதைச் செய்கிறேன் என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். ஏழாம் இடம் ரொனால்டோவுக்குக் குறைவு என்று அவர் கருதினால், மேலே உள்ள ஆறு பேரில் யாரை இறக்குவது என்று அவரையே எழுதச் சொல்.

அன்புடன்,
அப்பா