டப்பாவைக் காட்டுங்கள்: சேலத்து பார்லர்காரர்களுக்கு ஒரு மடல்

சேலம் மாநகரிலும் ஏற்காட்டிலும் பியூட்டி பார்லரும் சலூனும் நடத்தும் அக்காக்களுக்கு, தங்கைகளுக்கு, அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம்.

ஆறு வருடமாக என் தலைமுடியைப் பார்த்துக்கொண்ட அக்கா, மகளோடு இருக்கப் போவதாகச் சொல்லிப் போன மாதம் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் வீட்டு முன்னறையில் ஒற்றை நாற்காலி போட்டுத் தொழில் செய்தவர். போர்டுகூடக் கிடையாது. அவர் போனபிறகு ஐந்து கடை ஏறி இறங்கிவிட்டேன். “ரிலாக்ஸர் போட்ட முடியில் வேலை செய்திருக்கிறீர்களா?” என்று ஐந்திலும் கேட்டேன். (ரிலாக்ஸர் என்றால் சுருட்டை முடியை நிரந்தரமாக நேராக்கும் கார மருந்து.) ஐந்திலும் ஒரே பதில்தான்: “அதெல்லாம் பண்ணிடலாம் மேடம்.”

அந்தப் ‘பண்ணிடலாம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

எனக்குப் பிறவியிலேயே கம்பிச் சுருட்டை. சிறுவயதில் அம்மா சீப்பைக் கையில் எடுத்தாலே நான் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவேன். எண்ணெய், அரப்பு, மறுபடி எண்ணெய், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை என்று கல்லூரிவரை போனது. கல்யாணமான பிறகு கணவரின் வேலைக்காக 2013-இல் நைரோபி போனோம். அங்கே என்னைவிட இறுகிய சுருட்டை உள்ள பெண்கள்தான் ஊர் முழுக்க. அதனால் தெருமுனைக் கடைக்காரிக்குக்கூட ரிலாக்ஸர் அத்துப்படி. நான் போன கடையில் அந்தப் பெண் முதலில் கேட்டது, “இரண்டு மூன்று நாளில் தலைக்குக் குளித்தாயா, சொறிந்தாயா?” என்பதுதான். சொறிந்த இடத்தில் அந்த மருந்து பட்டால் புண்ணாகிவிடும். நெற்றி ஓரம், காது, பின்கழுத்து எங்கும் வாசலின் தடவினார். கடிகாரத்தைப் பார்த்துப் பூசினார், கடிகாரத்தைப் பார்த்து அலசினார். கடைசியில் ஒரு ஷாம்பு. மருந்து தலையில் மிச்சமிருந்தால் அதன் நுரை இளஞ்சிவப்பாக வரும். வெள்ளை நுரை வரும்வரை விடவில்லை. அடுத்த முறை போனபோது புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும்தான் மருந்து. பழைய நீளத்தில் அது படாதபடி கண்டிஷனரைப் பூசி மூடிவிட்டார்.

2017-இல் ஊர் திரும்பினோம். அப்போதிலிருந்து ஏற்காட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை. தினமும் காலை பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு. சேலத்தில் அயர்ன் பண்ணி நேராக்கிக்கொண்டு ஏறினால், மேலே மூடுபனியில் வேரெல்லாம் பழையபடி சுருண்டு உப்பிவிடும். (அந்த வளைவுகளுக்கு அப்படிப் பெயர் வைத்தவருக்கு என்னைப்போல ஒரு மனைவி இருந்திருக்க வேண்டும்.) சூட்டில் நேராக்கியது ஈரம் பட்டால் போய்விடும்; மருந்தில் நேராக்கியதுதான் நிற்கும். அதனால் பார்லர் தேடினேன்.

கிடைத்தது, நகரின் நடுவே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடை. பெயர் வேண்டாம். ஆடி மாதம், பாதி விலை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். “இது ரிலாக்ஸர் போட்ட முடிம்மா” என்று சொன்னேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி, “ஸ்ட்ரெய்ட்டனிங்தானே மேடம், எல்லாம் ஒண்ணுதான்” என்றாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் க்ரீமோடு வந்தாள். “டப்பா எங்கே?” என்றால், “கம்பெனி ப்ராடக்ட்தான் மேடம்.” வேரிலிருந்து நுனிவரை பூசினாள்.

அலசும்போதே அவள் கை ஒரு நொடி நின்றதை உணர்ந்தேன். ஈர முடி ரப்பர் மாதிரி இழுபட்டது, திரும்பச் சுருங்கவில்லை. வீட்டுக்கு வந்து சீவினால் கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. மறுநாள் போய்க் கேட்டதற்கு, “உங்க முடியே வீக் மேடம்” என்றார் உரிமையாளர். 4,500 ரூபாய்க்குப் பில் கேட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேராம்.

என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முடி என்பது கெரட்டின் புரதம். அதன் இழைகளைக் கந்தக ஜோடிகள் முடிச்சுப் போட்டுப் பிடித்திருக்கின்றன. நம் ஊரில் ஸ்ட்ரெய்ட்டனிங், ரீபாண்டிங் என்று செய்வதில் பெரும்பாலும் இருப்பது அமோனியம் தயோகிளைக்காலேட், சுருக்கமாகத் தயோ. அது முடிச்சை அவிழ்க்கும்; அயர்ன் வைத்து இழுத்தபின் ஹைட்ரஜன் பெராக்சைடு அதை மறுபடி கட்டும். ரிலாக்ஸர் வேறு இனம். அதில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது சோப்புக்குப் போடுகிற காஸ்டிக் சோடா. இன்னொரு வகையில், நாம் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு இருக்கிறதே, அந்தக் கால்சியம் ஹைட்ராக்சைடை க்வானிடின் கார்பனேட்டோடு பூசுவதற்குச் சற்று முன் கலப்பார்கள். இரண்டுமே ஜோடியில் ஒரு கந்தகத்தையே கழற்றிவிடும். அந்த இடத்தில் பழைய முடிச்சு மறுபடி விழாது. தயோ க்ரீமின் காரத்தன்மை பிஹெச் அளவில் 9-ஐ ஒட்டி இருக்கும். ரிலாக்ஸர் 12-க்கும் மேல். ரிலாக்ஸர் பட்டு ஏற்கெனவே இளைத்த முடியில் தயோவைப் பூசினால், மிச்சமிருக்கும் முடிச்சுகளும் அவிழ்ந்துபோகும். என் தலையில் நடந்தது அதுதான். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இரண்டு வாரம் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். அலுவலகத்தில் ஆளுக்கொரு வைத்தியம். அரப்பு போடு, வெந்தயம் ஊறவை, ஏற்காட்டுத் தண்ணியில குளி. அப்புறம் ஒரு தோழி அம்மாப்பேட்டை அக்காவிடம் அனுப்பினாள்.

அவர் துப்பட்டாவை அவிழ்த்துப் பார்த்துவிட்டு ‘உச்’ கொட்டவில்லை. காதுக்குப் பின்னாலிருந்து நாலு முடியை எடுத்து, நனைத்து, இரு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். “கண்ணு, இன்னைக்கு இதுல நான் மருந்து வைக்க மாட்டேன். கத்தரிதான் வைப்பேன்” என்றார். கழுத்தளவுக்கு வெட்டிவிட்டு 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒன்றரை வருடம் வெட்டிக்கொண்டே இருந்தார். நான் ரிலாக்ஸர் போடச் சொல்லிக் கெஞ்சியதும் உண்டு. “எனக்கு அது தெரியாது. டப்பாவைக் கொண்டா, படிச்சுப் பார்க்கிறேன்” என்றார். நைரோபித் தோழி ஒருத்தி ஊருக்கு வந்தபோது வாங்கிவந்த, வீரியம் குறைந்த டப்பாவைக் கொண்டு போனேன். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் ஆங்கிலத்தில் வாசிக்க வாசிக்க, இவர் தமிழில் ஒரு 40 பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். பிடரியில் ஒரு சின்னக் கொத்துக்கு மட்டும் போட்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். கொத்து உடையவில்லை. அதன் பிறகுதான் தலை முழுக்க. அதுவும் வேருக்கு மட்டும்.

அவர் வீட்டில் போர்த் தண்ணீர் ஒரே உப்பு, அதில் நுரையே வராது. அதனால் நான் வருகிற அன்று மேட்டூர்த் தண்ணீரை இரண்டு குடம் எடுத்துவைப்பார். கடைசி அலசல் அதில்தான். வேறு எந்தக் கடையிலும் என் தலைக்காகத் தண்ணீரைப் பற்றி யோசித்ததை நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஏசி இல்லை. சர்டிபிகேட் மாட்டவில்லை. ஆனாலும் ஆறு வருடம் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தேன், காரணம் முதல் நாளே வேலை வேண்டாம் என்று சொன்னதுதான். காசு வருகிற வேலையை ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், மற்ற நாளில் அவர் செய்யலாம் என்று சொல்வதை நம்பலாம்.

சரி, உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. முதலில், நாற்காலியில் உட்காரவைத்ததும் கையைத் தலையில் வைக்காமல் இரண்டு வருடக் கதையைக் கேளுங்கள். என்ன மருந்து, எந்த மாதம், என்ன சாயம், என்ன மருதாணி. மருதாணியைக் கேட்பது முக்கியம். கருப்பாக்கும் என்று விற்கிற பொடிகள் சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன்மேல் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி நாசமாகும். வாடிக்கையாளர் ‘சாதா மருதாணிதான்’ என்றால் பாக்கெட்டைக் கேளுங்கள். நாங்களும் பொய் சொல்வோம், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் டப்பா. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கப் போனால் ‘டச் எவ்வளவு?’ என்று வெள்ளியின் சுத்தத்தைக் கேட்காத சேலத்துக்காரி உண்டா? கடைக்காரரும் கோபித்துக்கொள்ளாமல் சொல்வார், சந்தேகமென்றால் உரசியும் காட்டுவார். கால் விரலுக்குப் போடுகிற மெட்டிக்கு இவ்வளவு விசாரணை. தலையில் பூசுகிற காரத்துக்கு டப்பாவைக் காட்டச் சொன்னால் மட்டும் ஏன் முகம் சுருங்குகிறது? 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் பெயர், பேட்ச் எண், காலாவதி, உட்பொருட்கள் எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். கிண்ணத்தில் கலந்துகொண்டு வந்தால் எனக்கு என்ன தெரியும்? என் கண் முன்னால் மூடியைத் திறங்கள், போதும். பில்லும் கொடுங்கள். கேட்டும் கொடுக்காமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான்; ஆனால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவதைவிட உங்கள் கடைக்கே திரும்பி வரத்தான் எனக்கு ஆசை.

முதலாளிகளுக்குத் தனியாக ஒன்று. கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டு, புகை வரும்வரை அயர்ன் இழுக்கிறீர்கள். வாடிக்கையாளர் மூன்று மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். உங்கள் கடைப் பெண்கள் அதே அறையில் நாள் முழுக்க நிற்கிறார்கள். அந்தக் கண்ணெரிச்சலுக்குக் காரணம் பல மருந்துகளில் ஃபார்மால்டிஹைட். லேபிளில் ‘மெத்திலீன் கிளைக்கால்’ என்று இருந்தாலும் சூடு பட்டால் வருவது அதேதான். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2004-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. ‘எங்களுடையதில் அது இல்லை, கிளையாக்ஸிலிக் ஆசிட்தான்’ என்பீர்கள். ஒவ்வொரு முறை அந்த மருந்து வைத்த பிறகும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி 2024-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். குறைந்தபட்சம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். ஜன்னலைத் திறந்தால் ஏசிக் கூலிங் போகும் என்று அந்தப் பெண்களைத் திட்டாதீர்கள்.

‘இவ்வளவு தெரிந்தும் நீ எதுக்கு ரிலாக்ஸர் போடுகிறாய்?’ என்று கேட்பீர்கள். கேட்டுமிருக்கிறார்கள், கூடவே ‘சுருட்டை முடி எவ்வளவு அழகு’ என்று ஒரு பிரசங்கமும். அழகாக இருக்கலாம், சீவுகிறவள் நான். அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. முடி நேராக்கும் மருந்தே பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்துகிறவர்களில் 4.05 சதவீதம் என்றும் அது கணக்கிட்டது. அடிக்கடி என்றால் வருடத்துக்கு நாலு முறைக்கு மேல். மருந்துதான் காரணம் என்று அது முடிவு கட்டிவிடவில்லை. ஆனாலும் படித்த அன்றே அக்காவிடம் ஓடினேன். நைரோபியில் எட்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டவள், அன்றிலிருந்து வருடத்துக்கு மூன்று முறைதான். மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும் முடிக்கு நாலு மாதத்தில் ஐந்து சென்டிமீட்டர் சுருட்டை முளைக்கும். மழை நாளில் கொண்டை போட்டுச் சமாளிக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அக்கா அந்த 40 பக்க நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு தேதி, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் முதலில் பூசியது, இடது காதுக்கு மேலே ஒரு முறை எரிந்தது, எல்லாம் பென்சிலில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், ‘அடுத்தது ஐப்பசிக்குப் பிறகு, அவசரப்படுத்தினாலும் போட வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறார். அது எனக்கல்ல, உங்களில் யாரோ ஒருவருக்கு.

ஐப்பசி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவேன். தலையில் எண்ணெய் இருக்காது, மூன்று நாளாகச் சொறிந்திருக்கவும் மாட்டேன். டப்பாவும் நோட்டும் கையில் இருக்கும். மணப்பெண் அலங்காரத்துக்கு ஆள் உட்கார்ந்திருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், அடுத்த வாரம் வருகிறேன்.

அன்புடன்,
ஹஸ்தம்பட்டியிலிருந்து ஒரு கம்பிச் சுருட்டைக்காரி