முன்கணிப்பையும் மருந்தைப் போலச் சோதியுங்கள்: மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடும் நோய்களுக்கான சிகிச்சையையும், நோயாளி பிழைப்பாரா என்ற கணிப்பையும் ஆராயும் மருத்துவர்களுக்கும் புள்ளியியலாளர்களுக்கும்,

வணக்கம்.

மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டபோது என் அப்பாவுக்கு வயது 74. மருத்துவமனைக்குக் கொண்டுபோன நான்கு மணி நேரத்துக்குள், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றபடியே ஓர் இளம் மருத்துவர் எங்களிடம் பேசினார். கசிந்த இரத்தம் 30 மில்லிக்கு மேல் இருக்கிறது, மூளையின் அறைகளுக்குள்ளும் இறங்கிவிட்டது, நினைவும் மங்கிவிட்டது, ஆகவே ஸ்கோர் 3 என்றார். 3 என்றால் என்ன என்று அக்கா கேட்டாள். "இந்த நிலையில் வருகிறவர்களில் நூற்றுக்கு 72 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள்" என்றார். குரலில் கடுமை இல்லை. அவர் கண்களும் கலங்கித்தான் இருந்தன. அரைமணி நேரம் கழித்து, இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம், வென்டிலேட்டரும் வேண்டாம் என்று எழுதியிருந்த தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

அந்த மருத்துவர் மீது எனக்குக் கோபம் இல்லை. கையில் இருந்ததை அவர் நேர்மையாகச் சொன்னார். அவர் கைக்கு அந்த எண்ணைக் கொடுத்தவர்கள் நீங்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பல மாதங்கள் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தேன். 72 என்றால் பெரிய எண், நாங்கள் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிறகு ஒருநாள், அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். 2001ல் வெளியான ஸ்கோர் அது. ஐந்தே விஷயங்களைப் பார்க்கிறது: நினைவின் நிலை, கசிந்த இரத்தத்தின் அளவு, அது மூளையின் அறைகளுக்குள் இறங்கியதா, கசிவு மூளையின் கீழ்ப்பகுதியில் தொடங்கியதா, வயது 80 அல்லது அதற்கு மேலா. படுக்கையருகே ஒரு நிமிடத்தில் கூட்டிவிடலாம். அதன் அழகும் அதுதான். ஆனால் அது 152 நோயாளிகளை வைத்துக் கட்டப்பட்டது. அவர்களிலும் ஒரு பகுதியினரின் ஸ்கோர்தான் 3. அந்தச் சிறு கூட்டத்துக்கு நேர்ந்ததே எங்களிடம் 72 என்ற எண்ணாக வந்து சேர்ந்தது.

கூட்டம் சிறியது என்பதைக்கூட நான் ஏற்றுக்கொள்வேன். எங்காவது தொடங்கித்தானே ஆக வேண்டும்? என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. மூளை இரத்தக்கசிவில் இறப்பவர்களில் பலர், இனி தேறமாட்டார் என்று முடிவெடுத்துச் சிகிச்சையைக் குறைத்த பிறகு, அல்லது நிறுத்திய பிறகு இறக்கிறார்கள். அந்த இறப்புகளும் கணக்கில் சேர்கின்றன. கணக்கிலிருந்து எண் பிறக்கிறது. எண்ணைக் கேட்ட குடும்பம் சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறது. நோயாளி இறக்கிறார். எண் பலித்துவிட்டது என்று பதிவாகிறது. தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும் கணிப்பு என்று உங்கள் துறையிலேயே இதற்குப் பெயர் உண்டு. 2001லேயே, அந்த ஸ்கோர் வெளியான அதே ஆண்டில், நரம்பியல் இதழொன்றில் இந்த எச்சரிக்கை வந்துவிட்டது. அந்த ஸ்கோரை உருவாக்கிய குழுவின் தலைவர் கிளாட் ஹெம்ப்ஹில் 2004ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். கலிஃபோர்னியா மருத்துவமனைகளின் பதிவுகளை ஒப்பிட்டது அந்த ஆய்வு. சேர்த்த உடனேயே "உயிர்மீட்பு வேண்டாம்" என்ற உத்தரவை அதிகமாக எழுதும் மருத்துவமனைகளில், நோயின் கடுமையைச் சமன்செய்து பார்த்த பிறகும், இறப்பு அதிகமாக இருந்தது. ஸ்கோரைக் கொடுத்தவரே அதன் ஆபத்தையும் சொன்னார். அவருடைய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் வாசல்வரை வந்தது ஸ்கோர் மட்டுமே. எச்சரிக்கை வரவில்லை.

அமெரிக்க இதய சங்கமும் அதன் பக்கவாதப் பிரிவும் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வரி இருக்கிறது. நோயாளி முன்பே தன் விருப்பத்தைச் சொல்லியிருந்தால் ஒழிய, புதிதாக உயிர்மீட்பு வேண்டாம் என்ற உத்தரவை மருத்துவமனையில் இரண்டாவது முழுநாள் வரையாவது தள்ளிவைக்கலாம் என்கிறது அது. நான் கையெழுத்துப் போட்டது முதல் இரவில். அந்த வரியைப் படித்த அன்று அக்காவுக்கு போன் செய்தேன். இருவருமே வெகுநேரம் பேசவில்லை.

அப்பா எப்படியும் இறந்திருக்கலாம். இன்னும் பத்து நாள் வென்டிலேட்டரில் கிடந்து, அதைவிடத் துன்பப்பட்டு இறந்திருக்கலாம். கைத்தடி ஊன்றி வீட்டுக்கு நடந்தும் வந்திருக்கலாம். எது நடந்திருக்கும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என்னை உறுத்துவது இதுதான்: எங்களுக்குத் தெரியாதது உங்கள் பதிவேட்டில் தெரிந்ததாக இருக்கிறது. ஸ்கோர் 3, இறப்பு, கணிப்பு சரி. அடுத்த கருவியைக் கட்டுகிறவர் அந்த வரியை உண்மை என்று எடுத்துக்கொள்வார். இப்போது அந்த வேலையைக் கணினி செய்கிறது. அதற்கு என் கையெழுத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

கணினி எப்படிக் கற்கும் என்பதற்கு உங்கள் துறையிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து என்று கணிக்கும் கருவிகளைக் கட்டினார்கள். ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இறக்கும் ஆபத்து குறைவு என்று கருவி கற்றுக்கொண்டது. உண்மையில், ஆஸ்துமா இருப்பதாலேயே அவர்களை நேராகத் தீவிர சிகிச்சைக்கு அனுப்பிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதனால் பிழைத்தார்கள். கவனிப்பின் பலனை நோயின் குணமாகக் கருவி படித்துவிட்டது. என் அப்பா விஷயத்தில் அதே பாடம் தலைகீழாக நடந்தது. கவனிப்பை நிறுத்தியதன் விளைவு நோயின் குணமாகப் பதிவாகிறது. ஆஸ்துமா விஷயத்தில் பிழையைப் பார்த்த எந்த மருத்துவரும் இது தப்பு என்று சொல்லிவிடுவார். என் அப்பா விஷயத்தில் பதில் எதிர்பார்த்தபடியே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இதற்குப் பிறகு வந்தவையும் என்னை அமைதிப்படுத்தவில்லை. கொரோனா காலத்தில் கொட்டிய கணிப்புக் கருவிகளைச் சர்வதேசக் குழு ஒன்று தொடர்ந்து மதிப்பிட்டது. நோயின் போக்கைக் கணிக்கும் 606 கருவிகளில் 545ல் பிழைக்கான வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் முடிவு. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் பயன்பட்டுவந்த, செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் ஆபத்தான நிலை) வருவதை எச்சரிக்கும் கருவி ஒன்றை 2021ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையில் சோதித்தார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டது. அத்தனை இடங்களில் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்தச் சோதனை நடந்தது என்பதை நீங்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மருந்தாக இருந்தால் இப்படி விடுவீர்களா? செப்சிஸுக்கென்று 2001ல் ஒரு மருந்து வந்தது, ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி. முதல் பெரிய ஆய்வில், 28 நாளுக்குள் இறப்பவர்கள் 30.8 சதவீதத்திலிருந்து 24.7 சதவீதமாகக் குறைந்தார்கள். அதோடு நிறுத்தாமல் மறுபடியும் சோதித்தீர்கள். பின்னர் நடந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. 2011ல் மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நம்பிக்கை பொய்த்தாலும் சோதனை வென்றது. 2020ல் கொரோனாவுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்தைச் சோதித்தபோது நீங்கள் செய்ததையும் மறக்கவில்லை. உலகமே நடுங்கிக்கொண்டிருந்தபோது, பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சில மாதங்களிலேயே பதில் சொன்னீர்கள்: வென்டிலேட்டரில் இருப்பவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைகிறது, ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு வேண்டாம் என்று இரண்டையும் ஒரே ஆய்வு சொன்னது. பழைய, மலிவான மருந்து அது. அந்த வேகமும் கண்டிப்பும் உங்களால் முடியும் என்று தெரிந்ததால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன்.

ஒரு கணிப்பும் உடலுக்குள் போகிறது. ஊசி வழியாகப் போவதில்லை, குடும்பத்தின் காது வழியாகப் போகிறது. அதைக் கேட்டபின் வென்டிலேட்டர் நிற்கிறது அல்லது தொடர்கிறது. பலனும் பக்கவிளைவும் அதற்கு உண்டு. ஆனாலும், பழைய பதிவுகளோடு எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு பெரும்பாலான ஆய்வுகள் முடிந்துவிடுகின்றன. அந்த எண்ணைச் சொன்னதால் நோயாளிக்கு என்ன நடந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிக் கேட்கிற பலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது, ஆனால் உடன்பட முடியவில்லை. 2000ல் வெளியான ஓர் ஆய்வில், இறுதிக்கட்ட நோயாளிகள் 468 பேர் இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று 343 மருத்துவர்களிடம் கேட்டார்கள். ஓரளவு சரியாகச் சொன்னது 20 சதவீதம். 63 சதவீதம் கூட்டிச் சொன்னார்கள். நோயாளியோடு பழக்கம் நீள நீளப் பிழையும் கூடியது. அன்பு கண்ணை மறைக்கிறது, பாவம், அவர்களும் மனிதர்கள்தானே. கூட்டிச் சொல்லும் கணிப்புக்கும் விலை உண்டு. வீட்டில் பிள்ளைகளோடு கழிந்திருக்க வேண்டிய கடைசி வாரங்கள் குழாய்களுக்கு நடுவே கழிந்துவிடும்.

ஆனால் எண்ணை மட்டும் நீட்டினால் போதாது என்பதையும் நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். 1995ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, ஐந்து மருத்துவமனைகளில் கடும் நோயாளிகளின் மருத்துவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுக் கொடுத்தது, பேசுவதற்குப் பயிற்சி பெற்ற செவிலியரையும் கொடுத்தது. சிகிச்சை முடிவுகளிலும் சரி, வலியிலும் சரி, எதுவும் மாறவில்லை. அதோடு 2010ல் வந்த இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்கிறேன். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பாதிக்கு, நோய் தெரிந்த புதிதிலேயே வலிதணிப்புக் குழுவும் சேர்ந்து சிகிச்சை அளித்தது. மாதந்தோறும் உட்கார்ந்து பேசினார்கள்: எது வலிக்கிறது, எது பயமாக இருக்கிறது, எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். அவர்கள் வாழ்நாளின் இடைநிலை அளவு 11.6 மாதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. கடைசி நாட்களில் கடும் சிகிச்சைக்கு ஆளானவர்களும் அவர்களில் குறைவு. எங்களுக்கு அப்படி ஒரு பேச்சு வாய்க்கவில்லை. வாசலில் நின்றபடி கேட்ட ஓர் எண்தான் வாய்த்தது.

ஆகவே என் வேண்டுகோள். நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு தரவிலும் சிகிச்சை எப்போது குறைக்கப்பட்டது, யார் சொல்லி, எந்தக் காரணத்துக்காக என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத இறப்பை நோயின் கணக்கில் எழுதாதீர்கள். ஒரு சோதனையின் கணிப்புத் திறனை ஆராயும்போது, சிகிச்சை முடிவெடுக்கும் மருத்துவரிடம் அதன் முடிவை மறைத்துவையுங்கள். இதயம் நின்று மீட்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளில் சிலர் அப்படிச் செய்திருக்கிறீர்கள். அவர்களுக்கான 2021ம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல், குறைந்தது 72 மணி நேரம் பொறுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தே முடிவுசொல்லச் சொல்கிறது. (அங்கேயும் 72. அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கிறது.) அந்தப் பொறுமையை மற்ற நோய்களுக்கும் கொண்டுவாருங்கள். புதுக் கருவி வந்தால் சில மருத்துவமனைகளில் கொடுத்து, சிலவற்றில் கொடுக்காமல், குலுக்கல் முறையில் பிரித்து, நோயாளிகளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது 28ம் நாளில் மூச்சு இருந்ததா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து நடந்தாரா, பேசினாரா, பேரப்பிள்ளையைத் தெரிந்துகொண்டாரா, இப்படி வாழ்வதற்குத் தான் சம்மதித்திருப்பேன் என்று சொன்னாரா? குடும்பத்தையும் கேளுங்கள். எதை அளக்க வேண்டும் என்று ஆய்வு தொடங்கும் முன் முடிவுசெய்யும் அறையில், அந்த வாசலில் நின்றவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். நான் வருகிறேன். என்னைப் போல நிறையப் பேர் வருவார்கள்.

எண்ணைச் சொல்லுமிடத்தில், அது எத்தனை பேரிடமிருந்து வந்தது, எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம், எத்தனை மணி நேரம் கழித்துச் சொன்னால் நம்பத்தக்கது என்பதும் சேர்ந்தே வரவேண்டும். அந்த இளம் மருத்துவர் கையில் இதெல்லாம் இருந்திருந்தால் எங்களிடம் சொல்லியிருப்பார். "இது 152 பேரை வைத்துச் சொல்வது, இன்னும் இரண்டு நாள் பார்ப்போம், நாளை உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

ஏதோ ஒரு பதிவேட்டில் என் அப்பாவின் வரி இருக்கலாம். வயது 74, ஸ்கோர் 3, மூன்றாம் நாள் இறப்பு. அதன் பக்கத்தில் ஒரு கட்டத்தைச் சேர்த்து, முதல் இரவே சிகிச்சைக்கு எல்லை போடப்பட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து என்னுடையது.

அன்புடன்,
ஒரு மகள்