செவிலியர் படிப்பு 'மாற்றுப் படிப்பு' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களை வழக்கம்போல் ஒரு வரி விடாமல் படித்தேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், முன்னாள் மாணவர்களும் அக்கம்பக்கத்துப் பெற்றோரும் இன்றும் அந்தப் பக்கங்களைக் கையில் பிடித்தபடி என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அவற்றில் பி.எஸ்சி. நர்சிங் பற்றிய குறிப்பு, எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காதவர்களுக்கான மாற்றுப் படிப்புகள் என்ற தலைப்பின் கீழ் நான்கே வரிகளில் முடிந்திருந்தது. அந்தத் தலைப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு ஓர் அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றிரவு இரண்டு மணி இருக்கும். தொண்டை வறளுகிறது, ஒரு வாய் தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். நான் பிளாஸ்கிலிருந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டு கட்டில் தள்ளி டிரிப் மாற்றிக்கொண்டிருந்த செவிலியர் திரும்பிப் பார்த்து, "சார், தண்ணி கொடுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து டம்ளரை வாங்கி வைத்துவிட்டார். மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு முழு நிமிடம் எண்ணினார். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். இரத்த அழுத்தம் ஏறக்குறைய சரியாகவே இருந்ததால் எனக்கு நிம்மதி; அவருக்கு இல்லை. தலைமாட்டில் தொங்கிய அட்டையைக் காட்டி, "பத்து மணிக்கு நாடித்துடிப்பு 84, பன்னிரண்டுக்கு 96, இப்ப 124" என்றவர், போர்வையை விலக்கி அறுவைக் காயத்தின் கட்டைப் பார்த்தார். பணி மருத்துவருக்குத் தொலைபேசியில் மூன்றே வாக்கியங்களில் நிலைமையைச் சொன்னார். மருத்துவர் வந்து சேர்வதற்குள், அவர் தொலைபேசியிலேயே சொன்னபடி ஆக்சிஜன் பொருத்தி, டிரிப்பின் வேகத்தைக் கூட்டி, இரத்த வங்கிக்கு மாதிரியும் எடுத்து வைத்திருந்தார். உள்ளே இரத்தக் கசிவு. மூன்று மணிக்கெல்லாம் மனைவி மறுபடியும் அறுவை அரங்கில் இருந்தாள்.

உடலில் இரத்தம் குறையும்போது முதலில் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கும், தாகம் எடுக்கும், இரத்த அழுத்தம் விழுவது அதற்குப் பின்னரே, சில சமயம் காலம் கடந்த பின்னரே. இரத்த ஓட்டத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டிய நான், கண்முன் அது நடந்தபோது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த வார்டில் அன்று நாற்பதுக்குக் குறையாத கட்டில்கள். இருந்த செவிலியர் இருவர். மறுநாள் உறவினர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், அவருடைய திறமைக்கு அது தகும். ஆனால் அதே உறவினர்களில் ஒருவர், ஊசி போட வந்த இன்னொரு செவிலியரை "ஏம்மா நர்ஸு, இங்க வா, பெட்ஷீட் மாத்தலையா?" என்று கூப்பிட்டபோது நான் வாய் திறக்கவில்லை. இரவு என் கையிலிருந்து டம்ளரை வாங்கியவரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை என்னை உறுத்துகிற விஷயம் இது.

இந்த ஆண்டு என்னிடம் வந்தவர்களில் ஒரு பெண், உயிரியலில் மிக நல்ல மதிப்பெண் எடுத்தவள். நீட் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. நர்சிங்தான் படிக்க வேண்டும் என்பது, படுக்கையில் கிடந்த பாட்டியை இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டதிலிருந்து அவள் எடுத்த முடிவு. முதுகில் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க, வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியரிடம் கற்றுக்கொண்டதாக அவள் சொன்னபோது முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். அவளுடைய அப்பாவோ, "இவ்வளவு மார்க் எடுத்துட்டு நர்ஸுக்குப் போறாளே, நீங்களாவது சொல்லுங்க சார்" என்றார். உறவுக்காரர்கள் எல்லாரும் "நீட்டுல போச்சா?" என்றே கேட்கிறார்களாம். இரவுப் பணிக்குப் போகும் பெண்ணுக்கு வரன் அமையாது என்பது அம்மாவின் கவலை. அதே பெண் துபாயிலோ லண்டனிலோ செவிலியர் என்றால் வரன் வீட்டாரின் முகம் எப்படி மலரும் என்பதையும் நாம் அறிவோம். வேலை ஒன்றுதான், சம்பளம் எந்த நாட்டுப் பணத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து மரியாதை மாறுகிறது.

இந்த மனநிலை புதிதல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபோதும், வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கியபோதும், பிறர் உடலைத் தொடுவதும் மலம், சிறுநீர், சீழ், இரத்தம் ஆகியவற்றைக் கையாளுவதும் தாழ்ந்த வேலை என்கிற சாதிக் கண்ணோட்டம் நம் சமூகத்தில் வேரோடியிருந்தது. அதன் மிச்சத்தைத்தான் இன்றும் வேறு சொற்களில் பேசிக்கொண்டிருக்கிறோம். சிறுநீர்ப் பையில் சேர்ந்திருக்கும் அளவைக் குனிந்து பார்த்து மில்லிலிட்டரில் குறித்துக்கொள்ளும் செவிலியர், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா, உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்பதைப் படித்துக்கொண்டிருக்கிறார். பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் அது கழிவை அள்ளும் வேலையாகத் தெரிகிறது. பெண்கள் செய்யும் வேலை என்பதால் அதை அறிவு என்று சொல்லாமல் 'கருணை', 'தியாகம்', 'வெள்ளுடை தேவதை' என்று சொல்லிவிடுவதும் இதோடு சேர்ந்ததே. ஆண்டுதோறும் செவிலியர் தினமான மே 12 அன்று நாம் எழுதும் பாராட்டுகளில் இந்தச் சொற்களே நிறைந்திருக்கின்றன. தேவதைக்குச் சம்பளம் எதற்கு, பணி நிரந்தரம் எதற்கு என்று கேட்பதும் அப்புறம் எளிதாகிவிடுகிறது.

நான் மிகைப்படுத்தவில்லை. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் தரையில் உட்கார வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு விடுவிக்கப்பட்டார்கள். தனியார் துறையைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி ஆணையையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதில் பாதியைப் பெற்றுக்கொண்டு இரவும் பகலும் உழைக்கும் என் முன்னாள் மாணவிகளின் பெயர்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவுகோல். என் மனைவி படுத்திருந்த வார்டை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அந்தப் பெண்ணின் தந்தையிடம் இவை எதையும் மறைக்காமல் சொன்னேன். கூடவே, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு என்பதையும், உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், ஊட்டச்சத்து, உளவியல் எனப் பாடங்கள் இருப்பதையும், எம்.எஸ்சி., பிஎச்.டி. வரை போகலாம் என்பதையும், நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி கலந்தாய்வு நடக்கிறது என்பதையும் சொன்னேன். வேலூரில் 1946-லேயே இந்தப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது என்றபோது அவர் வியந்து போனார். முடிவில், என் மனைவிக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகளைப் பார்த்து, "கல்லூரி எங்கம்மா நல்லா இருக்கும்?" என்று கேட்டார்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டு வழிகாட்டிப் பக்கங்களில் செவிலியர் படிப்பை மாற்றுப் படிப்புகளின் பட்டியலிலிருந்து எடுத்து, அதற்கென்று அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். அதைக் கல்வி ஆலோசகர்களிடம் கேட்டு எழுதாமல், வார்டில் பணியில் இருக்கும் ஒரு செவிலியரையே எழுதச் சொல்லுங்கள். சம்பளத்தையும் இரவுப் பணியையும் அவர் உள்ளபடியே எழுதட்டும். ஓர் இரவில் எதையெல்லாம் பார்க்கிறார், எதைக் கண்டால் ஓடுகிறார் என்பதையும் எழுதட்டும். எழுதுபவரின் பெயரை அவருடைய படிப்பு, பதவி ஆகியவற்றுடன் முழுமையாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.