பீட்டர் டேகோஸ் உருட்டிய பந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் ரசிகர்கள் பீட்டர் டேகோஸை இன்றும் சிலாகிப்பது கோல் கணக்குக்காக மட்டுமல்ல. மெல்போர்னின் காலிங்வுட் அணிக்கு 250 ஆட்டங்களில் 549 கோல். 1990-இல் மட்டும் 97, அந்த ஆண்டே கோப்பையும். ஆனாலும் எல்லைக்கோட்டை ஒட்டி, கோல் கம்பங்களின் இடைவெளி கீற்றாய்த் தெரியும் கோணத்திலிருந்து அவர் காலால் உருட்டிவிட்ட பந்துகள்தான் பேச்சு. 6.4 மீட்டர் இடைவெளிக்குள் யார் கையும் படாமல் போனால், தரையில் உருண்டாலும் 6 புள்ளி. கம்பத்தில் உரசினால் 1தான்.

அப்படி உருட்ட, முட்டை வடிவப் பந்தின் முனையைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் காலருகே விட்டு, மேல்பாதியில் தட்ட வேண்டும். அடியில் உதைத்தால் எழும்பிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சரளைத் தரையில் முயல வேண்டாம். சின்னக் கல் போதும், பந்து திசை மாறிவிடும். விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் போக இவருக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாமே!

– வாசகர்கள், கிருஷ்ணகிரி